இரண்டாவது தடவை நனைந்த மண்

"எல்லாந்தான் போன்ல இருக்கே. அப்புறம் எதுக்கு என் பொண்ணு அவ்வளவு தூரம் போய் இத்தனை வருஷமா படிக்கிறா?"

எதிர்வீட்டு மாமா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த புதிது. பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டுத் தேறியவள் நான். எழுதிவிட்டு வந்த மறுநாளே பாதி மறந்துபோயிருந்தது. மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று ஒரு முடிவுக்கு வராமல் வீட்டுக்கும் மொட்டைமாடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்திருக்கா" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். என்னிடம் போய்ப் படிப்பு எதற்கு என்று கேட்டால்?

"தெரியலையே மாமா" என்றேன்.

"பாத்தியா? உனக்கே தெரியலை" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பு உட்படச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பல கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கும் சின்ன அறைக்கு ஒரு சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். லிஃப்ட் நின்றுவிட்டால் அந்த அறையில் இருக்கும் பெட்டியின் சின்னத் திரையில் ஓர் எண் வரும். இந்த எண் வந்தால் கதவில் கோளாறு, அந்த எண் வந்தால் பிரேக்கில் கோளாறு என்று கணக்கு. முன்பெல்லாம் அதற்கென்று ஒரு தடிமனான புத்தகத்தைக் கையோடு வைத்திருப்பார். பிறகு அது போனுக்குள் வந்துவிட்டது. எண்ணைப் போட்டால் போதும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடும். மாமா மாற்றுவார். லிஃப்ட் ஓடும். தன் வேலையில் அவர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை.

போன் ஒன்று கைக்கு வந்த பிறகு, உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எதைப் பற்றியும் கேட்கலாம், உடனே வரும். வந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். "ஒரு தகவல் தெரியுமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதனால் குடியிருப்பில் அவருக்குத் தகவல் மாமா என்றே பேராகிவிட்டது. கீழே வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் அவர் தலை தெரிந்ததுமே குரல் கொடுப்பார்:

"ஏய், எல்லாரும் ஓடிடுங்க! தகவல் மாமா வர்றாரு. மாட்டினா ஒட்டகத்துக்கு எத்தனை பல்லுன்னு தெரிஞ்சுக்காம வீட்டுக்குப் போக முடியாது!"

"ஒட்டகத்துக்குப் பல்லு மட்டுமில்ல, கண்ணுக்கு மூணு இமை, தெரியுமா?" என்பார் மாமா, கோபித்துக்கொள்ளாமல்.

"எனக்கு ரெண்டு இமையே மூட மாட்டேங்குது, போங்க சாமி."

சிரிப்பு வரும். ஆனால் அவர் வீட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் வேறு ஊரில், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. வீட்டில் ஒரு நாற்காலி மட்டுந்தான் உட்காரும்படி இருந்தது. மற்றவற்றின்மேல் கம்பிச்சுருளும் பழைய லிஃப்ட் பட்டன் பலகைகளும் கிடந்தன. அந்த நாற்காலிக்கு எதிரே ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்திருப்பார். சாப்பிடும்போதும் அதோடுதான் சாப்பிடுவார்.

மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் சொல்வோம். எனக்கு அக்கா. நான் சின்னவளாக இருந்தபோதே படிக்கப் போய்விட்டதால் எனக்கு அவள் முகம் சரியாக நினைவில்லை. மண் அணைகளின் கரையில் ஏன் வெடிப்பு விழுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். மகள் கூப்பிடுவது நாலு பேருக்குக் கேட்கட்டும் என்ற பெருமைதான். எங்களுக்கு அரைகுறையாகக் கேட்கும். அவள் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவர், "அதைப் பத்தி ஒரு தகவல் பாத்தேன் பாப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு ஈடாகப் பேச வேண்டும் என்ற ஆசையில் வாரம் முழுக்க மண்ணைப் பற்றியே பார்த்துச் சேர்த்து வைத்திருப்பார். அவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாள் போகப் போக அந்த அழைப்பு குறுகிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குள்தான் இருந்தேன். மிக்ஸியின் அடிமூடியைக் கழற்ற அம்மா ஸ்க்ரூடிரைவர் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மாமா தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சொல்லும்மா, சாப்பிட்டியா?"

"அப்பா... நான் செஞ்சதெல்லாம் தப்பா போச்சுப்பா."

"என்ன தப்பா போச்சு?"

"மண்ணு. முதல் தடவை காயறப்ப நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது தடவை நனைஞ்சு காஞ்சா எல்லாமே மாறுது. நான் அதை அப்பவே பாத்திருக்கணும். இப்ப என் கைடு மேடம்கிட்ட..."

"ஒரு நிமிஷம் இரும்மா. லைன்லயே இரு."

அழைப்பைத் துண்டிக்காமலே போனில் எதையோ போட்டுத் தேடினார். அவள் மூக்கை உறிஞ்சுவது அறை முழுக்கக் கேட்டது. நான் ஸ்க்ரூடிரைவருக்காக நின்றுகொண்டிருந்தேன். போவதா நிற்பதா தெரியவில்லை.

"ஆங், வந்துடுச்சு. கேளு. 'களிமண்ணுடன் தகுந்த அளவு மணலைக் கலந்தால், உலரும்போது வெடிப்பு விழுவது பெருமளவு குறையும்.' பாத்தியா? கேட்ட உடனே வருது. இதுக்குப் போய் அழுதுக்கிட்டு!"

மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றது.

"பாப்பா?"

"அதை எங்க பாத்தீங்க?"

"போன்லதான். மேலயே கட்டம் போட்டு வருது. ஏம்மா, அங்க உனக்கு இதைச் சொல்லித் தரலையா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு எதுக்குப்பா மக? அந்தப் போன் போதுமே."

அவ்வளவுதான், அழைப்பு நின்றுவிட்டது. மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சிக்னல் போயிடுச்சுபோல" என்றார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாமா பயந்துபோனார். பயந்துபோய், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மகள் பேசாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று போனிடம் கேட்டார். வரிசையாகப் பல யோசனைகள் வந்தன. லிஃப்டின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னது, கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கே தெரியவில்லை. சின்ன வயதுப் படம் ஒன்றை அனுப்பச் சொன்னது, அனுப்பினார். கொஞ்ச நாள் தொந்தரவு செய்யாமல் இருக்கச் சொன்னது. அதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. போனைச் சமையலறை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு வராந்தாவில் வந்து நிற்பார். ஐந்து நிமிடம் நிற்க மாட்டார், உள்ளே ஓடுவார்.

"என்ன மாமா, சரியா தூங்கறதில்லையா?" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"தூக்கமின்மைக்குப் பதினோரு காரணம் இருக்கும்மா" என்றார். சொல்லிவிட்டு, மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் ஒரு தகவலைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த யோசனை, அவளுக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுங்கள் என்பது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு அவளுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டினேனே, மண்ணு, மணலு... அது முழுசா எங்க இருக்குன்னு எடுத்துக் குடும்மா. அவளுக்கு அனுப்பி வெச்சா உதவியா இருக்கும்."

அதே கேள்வியைப் போட்டேன். அதே கட்டம் வந்தது, அதே வரி. கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் இணைப்பு இருந்தது. மாமா இதுவரை கட்டத்துக்குக் கீழே போனதே இல்லை. அழுத்தினேன். நீளமான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை திறந்தது. தலைப்பு, அதற்குக் கீழே எழுதியவர்களின் பெயர்கள். முதல் பெயரைப் பார்த்ததும் போனை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்ம பாப்பா பேராட்டம் இருக்கு."

"பாப்பாவேதான் மாமா. உங்க இனிஷியல் இருக்கு பாருங்க."

"எப்ப எழுதினா?"

"மூணு வருஷம் ஆச்சு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே." கொஞ்ச நேரம் அந்தப் பெயர்மேலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "சொல்லியிருப்பா. நான் ஒட்டகத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தான் எழுதியது தவறு என்று ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாமல் அப்பாவைக் கூப்பிட்டு அழுகிறாள். அப்பா அவள் எழுதியதையே எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டி, இதுகூடத் தெரியாதா என்கிறார். கட்டத்துக்குள் இருந்த அந்த வரி, மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்த இடம். அவள் அங்கிருந்து நடந்து வெகுதூரம் வந்துவிட்டாள். வரி மட்டும் அங்கேயே நின்றிருந்தது. அவர் வரியின் பக்கத்தில் நின்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

மாமா அந்தக் கட்டுரையை முழுக்கப் படிக்கப் பார்த்தார். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம், மோட்டார் அறைகளில் உட்கார்ந்து படித்தார். "ஒவ்வொரு வார்த்தைக்கும் போன் அர்த்தம் சொல்லிடுதும்மா. சேத்துப் படிச்சா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றார் ஒரு நாள். குரலில் பழைய தெம்பு இல்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் என்பது மட்டும் படங்களைப் பார்த்து அவருக்குப் பிடிபட்டிருந்தது. தட்டில் மண், தண்ணீர், காயவிட்டுப் பார்ப்பது.

எங்கள் மொட்டைமாடியில் மோட்டார் அறைக்கு வெளியே இரண்டு தகரத் தட்டுகள் வந்து உட்கார்ந்தன. பழைய லிஃப்டின் கூரைத் தகட்டை வளைத்து அவரே செய்தவை. எங்கிருந்தோ களிமண் கொண்டுவந்தார். ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் மணல் கலந்தது. இரண்டையும் குழைத்துப் பரப்பிவிட்டு வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மேலே நடக்கப் போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். வாட்ச்மேன் தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்க மேலே வந்தவர் தட்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன மாமா, மேல வீடு கட்டப்போறீங்களா?"

"மண்ணு எப்படிக் காயுதுன்னு பாக்கறேன்."

"அதுக்குத்தான் போன் இருக்கே. அதுல போட்டா காய வெச்சே குடுத்துடுமே!"

வழக்கமாக இப்படிச் சொன்னால் மாமாவும் ஒன்று எடுத்துவிடுவார். அன்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் என்னிடம் கண்ணால், 'என்ன ஆச்சு இவருக்கு?' என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வெயில் நன்றாக இருந்ததால் சீக்கிரமே காய்ந்தது. வெறும் மண் பாளம் பாளமாக வெடித்தது. மணல் கலந்தது ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாரு, பாரு! என் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா! இதுல என்ன தப்பு இருக்கு?"

அங்கேயே நின்று போனில் பேசி அனுப்பினார். "பாப்பா, நீ எழுதினது சரிதாம்மா. நானே செஞ்சு பாத்துட்டேன். எவன் சொன்னான் தப்புன்னு? தைரியமா இரு." அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் குறிதான் விழுந்தது. அது போய்ச் சேரவில்லை. அவள் எண்ணை மாற்றிவிட்டாள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிறகு மழை வந்தது. மாமா வேறொரு கட்டடத்தில் பெரிய வேலையில் மாட்டிக்கொண்டதால் தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கவில்லை. தண்ணீர் நிரம்பி நின்றது. மழை விட்டு மறுபடி வெயில் அடித்து எல்லாம் உலர்ந்த பிறகுதான் மேலே வந்தார். நான் துணி எடுக்கப் போயிருந்தேன்.

மணல் கலந்த தட்டு முழுக்க வெடித்திருந்தது. வெறும் மண்ணைவிட மோசமாக. ஓரங்கள் அப்பளம்போல மேலே மடிந்து நின்றன.

மாமா சட்டையெல்லாம் கிரீஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மடிந்த ஓரம் ஒன்றை விரலால் தொட்டார். அது பொடிந்து விழுந்தது.

"ரெண்டாவது தடவை நனைஞ்சு காஞ்சா எல்லாமே மாறுது" என்றார்.

நான் துணிகளை அணைத்துக்கொண்டு நின்றேன்.

"இதைத்தான் அன்னைக்குச் சொன்னாம்மா. இதே வார்த்தை. என் காதுல நல்லா விழுந்துச்சு." தட்டைக் கொஞ்சம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "இதைப் பாத்துட்டு எப்படி இருந்திருக்கும் அவளுக்கு? தனியா ஒரு ரூம்ல உக்காந்து."

போன் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மண் ஏன் இப்படி மடிகிறது என்று அதனிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கும். அவருக்கு அதைப் பாப்பாதான் சொல்ல வேண்டியிருந்தது. வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். துணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது இன்னொரு செய்தி பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு.

"பாப்பா, போன தடவை அனுப்பினதைக் கேக்காதே. நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. ஆனா ஓரம் மட்டும் ஏம்மா மேல மடியுது? நடுவுல அப்படி இல்லையே. எனக்குப் புரியலை. நீ சொன்னாத்தான் புரியும்."

அதற்கும் ஒரே குறிதான்.

பல்கலைக்கழகத்துக்கே கூப்பிட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்து எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தது நான்தான். அலுவலகத்தில் ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மாணவி துறையிலிருந்து விலகிவிட்டார் என்றார். எங்கே போனாள், வேறு எண் இருக்கிறதா என்று மாமா கேட்டார்.

"மன்னிக்கணும் சார். அந்தத் தகவலைக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

"நான் அவ அப்பா."

"புரியுது சார். யாரா இருந்தாலும் கொடுக்க முடியாது."

"நல்லதும்மா, நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்தார். யாரிடம் எதற்கு நல்லது என்றார் என்று தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். போனதுபோலவே திரும்பி வந்தார்.

பாப்பா கோபத்தில் போனாளா, தோற்றுவிட்டோம் என்ற வெட்கத்தில் போனாளா, எனக்குத் தெரியாது. அவளுக்கு அவள் காரணம் இருக்கும். இங்கே நடந்தது அவளுக்குத் தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது தட்டுகள் ஐந்தாறு ஆகிவிட்டன. நனைக்கிறார், காயவிடுகிறார், மறுபடி நனைக்கிறார். ஒன்றை நிழலில் வைத்திருக்கிறார், ஒன்றைத் துணியால் மூடியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "சும்மா, என்ன ஆகுதுன்னு பாக்கலாம்" என்கிறார். வாசலில் யாரிடமும் தகவல் சொல்வதில்லை. வாட்ச்மேனுக்கே பொறுக்கவில்லை. "மாமா, அந்த ஒட்டகம் எப்படி இருக்கு?" என்று வலிய இழுத்துப் பார்க்கிறார். மாமா, "நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிடுகிறார். ஞாயிறு சாயங்காலம் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறார். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் டிவி சத்தத்தை அம்மா குறைத்துவிடுகிறாள்.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். "எழுது. ஆனா அவளை ஒண்ணும் சொல்லிடாதே" என்றார்.

நான் கேட்பது இதுதான். நீங்கள் இருக்கிற ஊரில், மண் காய்வதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாம் தவறாகிவிட்டது என்று பாதியில் எழுந்து வந்துவிட்ட ஒரு பெண் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கலாம், மாடியில் வாடகைக்கு இருக்கலாம். தெரிந்தால் இதைப் படிக்கக் கொடுங்கள். தெரியாவிட்டால், தெரிந்திருக்கக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள். ஓரம் ஏன் மேலே மடிகிறது என்று அவள் அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். பழைய எண்தான் அவருடையது.